மடைக்கல்லை விடாத கூழைக்கடா

துவைத்துக் காயப்போட்ட பிறகும் துண்டில் சேற்றுமீன் வாடை போகவில்லை. இன்று காலை இதைத்தான் கண்மாய்க் கரையில் நின்று வீசினேன். வீசியதும் ஊரே வலையோடு தண்ணீரில் இறங்கியது. மீன்பிடித் திருவிழாவைத் துண்டு வீசித் தொடங்கிவைப்பது எங்கள் குடும்பத்து மரியாதை. அந்த மரியாதைமேல் உனக்கு என்ன கோபம் என்று எனக்குத் தெரியும்.

சிம்மக்கல்லில் நோட்டுக்கடை வைத்திருந்த நீ, ஞாயிறு தவறாமல் ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்குவாய். அலகு நுனி ஒடிந்த அந்தக் கூழைக்கடாவைக் குஞ்சுப் பருவத்திலிருந்து பன்னிரண்டு வருஷம் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதினாய். சின்னதில் அது கண்மாய் முழுக்க அலைந்தது. அடுத்ததன் வாயில் இருப்பதைப் பிடுங்கப்போய் அடி வாங்கியது. வயது ஏற ஏற அலைச்சல் குறைந்து, கடைசியில் மடைக்கல் ஓரமே போதும் என்று நின்றுவிட்டது. அங்கே மீன் வரும் நேரமெல்லாம் அதற்கு அத்துப்படி. "மத்ததுக மாதிரி இல்ல மாப்ள, இது தனக்குன்னு ஒரு வழக்கம் வச்சிருக்கு" என்பாய்.

மழை பொய்த்த வருஷம், திருவிழாவுக்கு முதல் நாளே வந்து கெஞ்சினாய்.

"கடைசித் தண்ணி நிக்கிற மடைக் குழியில மட்டும் வலை போட வேணாம்னு சொல்லு மாப்ள. மத்ததுக வேற கம்மாய்க்குப் போயிரும். கெழடு போகாது."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாள், ஒரு பறவைக்காகவா என்று ஊர் சிரிக்குமே என்று பயந்து, வாயே திறக்காமல் துண்டை வீசினேன். மற்றவை வைகைப் பக்கம் பறந்துவிட்டன. அது மட்டும் தினமும் வந்து காய்ந்த சேற்றைப் பார்த்தபடி நின்றது. இரண்டாவது ஞாயிறு நீ வந்தபோது மடைக்கல் அடியில் செத்துக் கிடந்தது.

நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒனக்கும் வயசாயிருச்சு மாப்ள. பழகுன எடத்துல பழகுனதத்தான் செய்வ" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். அதன்பின் நான்கு வருஷம் என் போனை எடுக்கவில்லை. போன மாதம் உன் மனைவி பேசித்தான் நீ செத்ததே தெரிந்தது. நான் செய்தது துரோகம்தான். அதற்காக ஒரு வார்த்தைகூடப் பேசாமலா போவாய்?

இன்று துண்டை வீசும் முன், மடைக் குழியில் யாரும் இறங்கக் கூடாது என்று சொன்னேன்.

"அங்க எந்தப் பறவையும் இல்லையே பெரியப்பா" என்று சிரித்தார்கள்.

இல்லைதான். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி பஸ்ஸுக்கும் நான் போய் நிற்கிறேன். அதிலிருந்தும் யாரும் இறங்குவதில்லை. நீ இருந்தால் இதையும் நோட்டில் எழுதியிருப்பாய்.