சத்தமில்லாத வண்டி

ஆரணி,
வெள்ளிக்கிழமை மதியம்.

அன்பு மகன் தீனாவுக்கு அம்மா லீலா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை லாவண்யாவும் படவேட்டம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டு எழுதத்தான் வேண்டும், ஆனால் அதைக் கேட்கவே இந்த வாரம் எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் நீ சுகமாக இருக்கிறாய் என்று நானே எழுதிவிடுகிறேன். கை கால் முழுசாக, கண் முழித்தபடி, சுகமாக இருக்கிறாய். அம்மாவுக்கு என்ன ஆச்சு, போனை விட்டுவிட்டுப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள் என்று சிரிப்பாய். சிரி. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் இவ்வளவு எழுதியதே இல்லை, இப்போதே விரல் வலிக்கிறது, இருந்தாலும் இதைப் போனில் சொல்ல மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

போன மாதம் லாவண்யா நிச்சயத்துக்கு என்று அப்பா நெய்து முடித்த புடவையை உனக்கு வீடியோ காலில் காட்டினேனே, அந்தச் சாயங்காலத்தை நினைத்துப் பார். வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று வாசலுக்கு எடுத்துப்போய், மாம்பழ மஞ்சள் சரியாகத் தெரிகிறதா, அரக்கு பார்டர் தூக்கலாக இருக்கிறதா என்று உன் உயிரை எடுத்தேன். நீ சும்மா ம், ம் என்றதும் எனக்குக் கோபம் வந்து, கிட்ட வந்து பாருடா, பார்டர்ல அன்னம் வரிசையா போவுது பாரு, நல்லா கண்ணைத் தொறந்து பாருடா என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். நீயும் பார்த்தாய். சூப்பரா கீதும்மா என்றாய். சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பெரிய ஹார்ன் சத்தம், உன் முகம் காணாமல் போய் கூரை மாதிரி ஏதோ தெரிந்தது, படபடவென்று எதுவோ அடிபட்டது, கால் கட்டாகிவிட்டது. நான் திரும்பத் திரும்பப் போட்டேன், நீ எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நீயே கூப்பிட்டு, ஒண்ணும் இல்லம்மா, போன் கை தவறி வுழுந்துடுச்சு என்றாய். நானும் நம்பினேன். புது போனாச்சே, கீறல் விழுந்ததா என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன், பார்.

உன்கூட ஒரே ரூமில் இருக்கிற அருள்ராஜ் லீவில் வெம்பாக்கம் வந்தவன், திங்கட்கிழமை நம் வீட்டுக்கு வந்தான். நீ கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழமும் கம்பளியும் வந்து சேர்ந்தன. தங்கமான பையன், கேசரி கிண்டிக் கொடுத்தேன், சாப்பிட்டுகினே உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னான். அந்தப் பேச்சிலேயே, தீனா இப்போ பரவால்லம்மா, அன்னிக்கு வண்டி கோன் மேல ஏறுனதுல இருந்து ரெண்டு மூணு நாளு ராத்திரியெல்லாம் எழுந்து உக்காந்துகினே இருந்தான் என்றான். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. என்ன கோன்டா என்றேன். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேசிவிட்டான் பாவம், அப்புறம் அவனால் முழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. ரியாத் போகிற ரோட்டில் வேலை நடக்கிற இடத்தில் ஆரஞ்சுக் கலரில் கூம்பு வைத்திருந்தார்களாம், அத்தனையையும் நசுக்கிக்கொண்டு உன் ட்ரெய்லர் உள்ளே போய்த்தான் நின்றதாம். ஒரு ஆள் மண்வெட்டியைப் போட்டுட்டு எகிறிக் குதிச்சாரும்மா, அதான் தப்பிச்சாரு என்றான். தறியில் இருந்து அப்பா எழுந்து வந்து நின்றதை நான் அப்போதுதான் பார்த்தேன். யார்கூடப் பேசிகினு இருந்தான் அந்த நேரத்துல என்று கேட்டார். அருள்ராஜ் கேசரித் தட்டைக் கீழே வைத்தான். அந்தப் பிள்ளை சொல்லவே வேண்டாம், எனக்கு அந்த ஹார்ன் சத்தம் காதில் அடித்தது. 

என்னோடு பேசும்போதே நீ வண்டி ஓட்டுகிறாய் என்று எனக்கு ஏன் தெரியாமல் போனது, அதை நான் இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நம் வீட்டில் யாருக்கும் கடிகாரம் வேண்டாம், காது போதும். தறிச் சத்தம் கேட்டால் அப்பா வேலையில் இருக்கிறார், வாயைத் திறக்கக்கூடாது, வீட்டுக்கு யார் வந்தாலும் நிற்கவேண்டியதுதான். சத்தம் நின்றால் அவர் சும்மா இருக்கிறார், போய்ப் பேசலாம். பக்கத்து வீட்டு பவர் லூமிலும் அதே கதைதான், பூங்காவனம் மெஷினை ஆஃப் பண்ணினால்தான் நான் கறிவேப்பிலை கேட்டுப் போவேன். வண்டி என்றாலும் நான் கண்டது போளூர் பஸ்தான், பக்கத்து சீட்டில் இருக்கிறவள் பேசுவதே காதில் விழாது. உன் வண்டியோ கண்ணாடி எல்லாம் மூடி, ஏசி போட்டு, பூஜை ரூம் மாதிரி இருக்கிறதாம், அருள்ராஜ் சொல்கிறான். தினம் சாயங்காலம் உனக்குப் போன் போட்டால் பின்னால் ஒரு சத்தமும் இருக்காது, வீடியோவிலும் உன் முகம் மட்டும்தான் தெரியும். பிள்ளை வேலை முடிந்து ரூமில் காலை நீட்டிப் படுத்திருக்கிறான், பாவம் தனியாக இருக்கிறான், பேசுவோம் என்று நான் பாட்டுக்குப் பேசிகினே இருந்தேன். குழாயில் தண்ணீர் வராதது, லாவண்யா கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டது, மாவு புளித்தது, எல்லாம் உன்னிடம்தான். அத்தனை நாளும் நீ மலை மாதிரி ஒரு வண்டியை ஓட்டிகினு எனக்கு ம் போட்டிருக்கிறாய். அடப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, வண்டியில கீறேன், வையும்மா என்று? அம்மா மனசு நோகும் என்று பார்த்தாயா? நொந்தால் நொந்துவிட்டுப் போகட்டும்டா.

அன்றிலிருந்து நான் நானாக இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றும் பொங்கி வழியவிட்டேன். தெருவில் லாரி ஹார்ன் அடித்தால் கையில் இருப்பதைக் கீழே போடுகிறேன். உன்னை நினைக்கிறபோதெல்லாம் கூடவே அந்த மண்வெட்டி ஆளும் வருகிறார். அவர் எந்த ஊரோ, அவருக்கும் வீட்டில் ஒருத்தி புடவை காட்டிக்கொண்டிருப்பாள். செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, இன்னொரு ஆளுக்கும் பண்ணுங்க சாமி என்றேன். குருக்கள் பேர் நட்சத்திரம் கேட்டார். எனக்கு என்ன தெரியும், பேர் தெரியாது சாமி, ரோட்டு வேலை செய்றவரு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாமி பேருக்கே பண்ணிடறேம்மா, போங்க என்றார்.

அருள்ராஜ் அந்தப் பக்கம் போனதுமே உன்னைக் கூப்பிட்டு நன்றாகத் திட்டவேண்டும் என்று போனை எடுத்தேன். அப்பா பிடுங்கிக்கொண்டார். இப்போ அவன் ஓட்டிகினு இருந்தான்னா? திட்டு வாங்கிகினு ஓட்டுறது இன்னும் கெடுதலாச்சே என்றார். அது சரிதானே. சரி, வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்றால் அதையும் நீ ஓட்டிகினேதான் கேட்பாய். எழுத்தில் போட்டால் ஒரு கண்ணை அதில் வைப்பாய். உன்னைத் திட்டக்கூட வழி இல்லாமல் பண்ணிவிட்டாய் பார். அதனால்தான் நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா கோயிலுக்குப் போயிருக்கு, அம்மா குளிக்குது என்று ஒரே வார்த்தையில் லாவண்யா வைத்துவிட்டாள். அருள்ராஜ் லீவு முடிந்து பிளேன் பிடிக்க நாளைக்கு ரயில் ஏறுகிறான், இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுத்து, உன்னை ரூமில் உட்கார வைத்துத்தான் கொடுக்கவேண்டும் என்று சத்தியம் வாங்கப்போகிறேன்.

இன்னொன்றும் அவன் சொன்னான், அதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது. அந்த ரோடு கோடு போட்ட மாதிரி நேராகப் போகுமாம், மரம் இல்லை மட்டை இல்லை, வெயிலும் மணலும்தானாம், கண்ணைச் சொக்கிக்கொண்டு வருமாம். பேசிகினு போனா தூக்கம் வராதும்மா, அதுக்குத்தான் அவன் உங்க போனை எடுக்குறது என்றான். கேட்டாயா, பேசினால் உன் கண் ரோட்டைவிட்டுப் போகிறது, பேசாவிட்டால் கண்ணே மூடிக்கொள்கிறது. நான் எந்தப் பக்கம் நிற்பேன் சொல். யோசித்து யோசித்து ஒன்றுதான் தோன்றுகிறது. தூக்கம் வந்தால் தூங்குடா. வண்டியை ஓரம் கட்டி, பெட்ரோல் பங்க் இருந்தால் அங்கே போட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் படு. லோடு லேட்டானால் ஆகட்டும், கம்பெனிக்காரன் கத்தினால் கத்தட்டும், வேலையே போனாலும் போகட்டும், ஊருக்கு வா, கஞ்சி இருக்கிறது குடிப்போம். கூப்பிடுவதானால் வண்டியை நிறுத்தி, சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டு கூப்பிடு. முதலில் சாவியைக் காட்டு, அப்புறம் முகத்தைக் காட்டு. சாவி தெரியாவிட்டால் நான் ஹலோகூடச் சொல்ல மாட்டேன்.

அப்பா நெய்யும்போது அவர் போன் சமையல்கட்டில் என்னிடம்தான் இருக்கும், யார் கூப்பிட்டாலும் தறியில கீறாரு, அப்புறம் பேசுங்க என்று நான் சொல்லிவிடுவேன். கவனம் தப்பினால் அவருக்கு ஒரு அன்னம் கோணலாகும், அவ்வளவுதான் நஷ்டம், அதற்கே இத்தனை காவல். உனக்கு அங்கே அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நீயேதான் உனக்குச் சொல்லிக்கொள்ளவேண்டும். போனை எடுத்துப் பின்னால் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடு. அது அடித்தால் அடிக்கட்டும், பேஜாராகத்தான் இருக்கும், ரெண்டு மூணு நாளில் பழகிவிடும். இங்கேயும் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டேன். பகலில் அண்ணனுக்கு ரீல்ஸ் அனுப்பினால் போனை உடைப்பேன் என்று லாவண்யாவிடம் சொன்னேன். உன் தனசேகரன் மாமா காலை வணக்கம், மாலை வணக்கம் என்று பூ படம் அனுப்புவதை நிறுத்தச் சொன்னதில் அவருக்கு வருத்தம், நாலு நாளாக வீட்டுப் பக்கம் வரவில்லை, வராமல் இருக்கட்டும். போளூர் மாப்பிள்ளை சந்தோஷிடம் மட்டும் எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது, அதையும் லாவண்யாவை விட்டே சொல்ல வைத்தேன். நிச்சயத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது, ஐப்பசியில் வருகிறது, நீ லீவு கேட்டு வை. அந்தப் புடவை பீரோவில் இருக்கிறது, எடுத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

இதோ, இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது. உன் படம்தான் வருகிறது, வெள்ளைச் சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிற படம். லாவண்யா வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிட்டார். நான் கையை நீட்டினேன், அவரும் நீட்டினார், ரெண்டு பேருமே தொடவில்லை. நீ வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறாயா, ஓட்டிகினே கூப்பிடுகிறாயா, தூக்கம் கண்ணைச் சொக்கி அம்மா பேசு என்று கூப்பிடுகிறாயா, எதுவும் தெரியாமல் ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எடுக்கவில்லை தீனா. முழுசாக அடித்து நின்றுவிட்டது. அடித்தவரைக்கும் நீ இருக்கிறாய் என்று தெரிந்தது. இப்போது தெரியவில்லை. அப்பா இன்னும் தறிக்குப் போகவில்லை, போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

படவேட்டம்மன் உன் கண்ணிலேயே குடியிருக்கட்டும். நீ நூறு வயசு வரை நல்லா இருக்கணும், உன் எதிரே வருகிறவர்களும் நல்லா இருக்கணும். இதைப் படித்து முடித்ததும், ராத்திரியோ பகலோ, உடனே கூப்பிடு. இனிமேல் பொறுக்க முடியாது, முதல் மணியிலேயே எடுப்பேன்.

உன் அம்மா,
வே. லீலா

அப்பாவும் ஒரு வரி எழுதட்டும் என்று பேனாவைக் கொடுத்தேன். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லு என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.