சோப்பு நுரையோடு போன பதவி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா நலம், நான் பதவி போன நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. நீ கல்லூரியில் புரட்சி, மக்களாட்சி என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாய். போன தடவை போனில், எங்கெங்கோ ராஜாக்கள் எப்படிக் கவிழ்ந்தார்கள் என்று நீ மூச்சு விடாமல் சொன்னபோது நான் பாதிக் காதால் கேட்டு உம் கொட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நீ கேள், நம் வீட்டிலேயே ஒரு புரட்சி நடந்துவிட்டது. கவிழ்ந்த ராஜா உன் அப்பன். கவிழ்த்தது யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா, உன் அம்மாதான்.

நம் கட்டடத்துத் தண்ணீர் விவகாரம் உனக்குத் தெரியும். மொட்டைமாடி அறையில் மோட்டார், பக்கத்திலேயே வீட்டுக்கு ஒரு வால்வு, அந்த அறைக்கு ஒரே ஒரு சாவி, அது நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, நானாக எடுத்து மாட்டிக்கொண்டதுதான். ஆலையில் சங்கு ஊதியே காலத்தைக் கழித்தவன் இல்லையா, அந்தப் பழக்கத்தில் காலைச் சங்கு நேரத்துக்கு வால்வுகளைத் திறப்பேன், கொஞ்ச நேரத்தில் மூடிவிடுவேன். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று அதில் எனக்குப் பெருமை வேறு. இரண்டாம் மாடி நர்ஸ் நைட் டியூட்டி முடித்து வரும்போது குழாய் காற்றைத்தான் விடும். ஆஸ்பத்திரி வாடையோட எப்படி சார் படுக்கறது, நான் வந்ததும் கொஞ்சம் திறந்து விடுங்களேன் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். ஆளுக்கொரு நேரம்னா கட்டடம் தாங்காதும்மா என்று நானும் அத்தனை தடவை சொல்லிவிட்டேன். அப்போதெல்லாம் உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்ப்பாள், நான்தான் கண்டுகொள்ளவில்லை.

ஒரு நாள் காலை தலையிலிருந்து கால்வரை சோப்புப் போட்டுக்கொண்டு குழாயைத் திருகினால் சொட்டுத் தண்ணீர் இல்லை. வாளியில் பிடித்து வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் நான் மட்டும் வாளி வைத்துக்கொண்டதே இல்லை, சாவி இருக்கிறவனுக்கு வாளி எதற்கு. கண் எரிகிறது, கத்துகிறேன். கதவுக்கு வெளியே உன் அம்மா நிதானமாக, சாவி இப்ப எங்ககிட்ட இருக்கு, தண்ணி வேணும்னா பதவியை விட்டுடுங்க என்கிறாள். எங்ககிட்டன்னா யாருடி என்றேன். கீழ்வீட்டுத் தையல்காரர் இருமிக் காட்டினார், அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. இது நியாயமா என்று கேட்டேன். இதைத்தானே சார் நான் தினமும் கேக்கறேன் என்று நர்ஸின் குரல் வந்தது. அதற்கு மேல் என்ன பேச்சு, விட்டேன் விட்டேன் என்று அலறினேன், தண்ணீர் வந்தது. ரத்தம் சிந்தாத புரட்சி என்று நீ ஏதோ சொன்னாயே, அதில் இதையும் சேர்த்துக்கொள், கண்ணீர் மட்டும் நிறையச் சிந்தியது.

அன்றே மாடிப்படியில் எல்லாரும் கூடி, தேர்தல் வைக்கிறவரை சாவி அம்மாவிடம் இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். முதலில் நன்றாகத்தான் போனது, நர்ஸ் வந்ததும் தண்ணீர் வரும், அவள் குளித்துவிட்டு நிம்மதியாகப் படுப்பாள். தேர்தல் எப்போது என்று தையல்காரர் கேட்டார். எல்லாம் சரியானதும் வச்சுக்கலாம் என்றாள் அம்மா, எது சரியாக வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. சாவி ஆணியை விட்டு அவள் இடுப்புக்கு வந்துவிட்டது, தூங்கும்போதும் அங்கேதான். தையல்காரர் மறுபடி கேட்டார், அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் அவருடைய நூலைவிட மெல்லிசாக வர ஆரம்பித்தது. நான் சும்மா இருப்பேனா, படியில் நின்று இது அநியாயம் என்று எதிர்க்கட்சியாக முழங்கினேன். நீங்க பேசவே கூடாது, உங்க லட்சணம் எங்களுக்குத் தெரியும் என்று அம்மா அடக்கப் பார்த்தாள். அப்போது அந்தத் தையல்காரர்தான், சார் மோசமாத்தான் ஆண்டாரு, அதுக்காக வாயை மூடச் சொல்லலாமா, பேசட்டும், கேக்கறதும் கேக்காததும் நம்ம இஷ்டம் என்றார். நான் பதவியில் இருந்தபோது அந்த மனுஷனை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை, குட்டிம்மா. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் நர்ஸே தேர்தலைப் பற்றிக் கேட்டுவிட்டாள். மறுநாள் அவள் குழாயும் காற்று விட்டது. அவள் சண்டை போடவில்லை, டியூட்டி உடுப்போடு நம் வாசலில் வந்து நின்று, ஆன்ட்டி, சார்கிட்ட கெஞ்ச முடியாமத்தான் உங்க கூடச் சேர்ந்தேன், இப்ப உங்ககிட்டயும் கெஞ்சணுமா, நான் வேற வீடு பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அன்று சமையலில் உப்பே இல்லை, எதிர்க்கட்சி வாய் திறக்காமல் சாப்பிட்டது. சாயங்காலம் அவளே மாடி ஏறிப் போய் நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டி, தேர்தலை வச்சுடலாம், நீயும் நில்லு, காலி பண்றதை அப்புறம் யோசி என்றாளாம்.

தையல் கடையில்தான் கூட்டம், மற்ற வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள், துணி மூட்டைகள் மேல் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். வீட்டுக்கு ஒரு ஓட்டு போதுமே என்று ஆரம்பித்த தையல்காரரிடம், அப்படின்னா அது உங்க ஓட்டு, என் ஓட்டு எங்கே என்று அவர் மனைவி கேட்டாள், கத்தரிக்கோல் வேறு அவள் கையில் இருந்தது, உடனே ஆளுக்கு ஒரு ஓட்டு என்று தீர்மானமாயிற்று. யார் ஜெயித்தாலும் ஒரு வருஷத்துக்குத்தான் சாவி, எதிர்த்துப் பேசினார் என்பதற்காக யார் வால்வையும் தொடக்கூடாது, சாவி வைத்திருப்பவர் வீட்டு வால்வைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். இந்தக் கடைசிச் சட்டம் என் யோசனை, சோப்பு கற்றுக்கொடுத்தது. நர்ஸுக்கு வெள்ளைப் பொத்தான், அம்மாவுக்குக் கறுப்புப் பொத்தான். அளவு பார்க்கும் திரைக்குப் பின்னால் தகர டப்பா, ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வந்தோம். திறந்து கொட்டினால் நடுவில் ஒரு பேன்ட் கொக்கி கிடக்கிறது. எல்லாரும் தையல்காரரைப் பார்த்தோம். யாரையும் பிடிக்கலன்னு சொல்லவும் ஒரு உரிமை இருக்கு, பொதுவாச் சொன்னேன் என்றார். அம்மா ஒரே ஒரு பொத்தானில் தோற்றாள். நான் அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். தயங்கினாள், பிறகு சாவியை உருவி, முந்தானையில் துடைத்து, அந்தப் பெண் கையில் வைத்து, கதவு கொஞ்சம் இறுகும், தூக்கிப் பிடிச்சுத் திருப்பு என்று சொல்லிக்கொடுத்தாள். என்னிடமிருந்து பிடுங்க ஒரு கட்டடமே சேர்ந்து சதி செய்ய வேண்டியிருந்தது, இவள் எழுந்து நின்று கொடுத்தாள். எனக்கு அவளை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது, அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நர்ஸ் காலி செய்யவில்லை, வால்வை இரண்டு வேளை திறக்கிறாள், கட்டடம் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நான் எந்தப் பொத்தான் போட்டேன் என்று அம்மா குடைந்துகொண்டே இருக்கிறாள். ரகசிய ஓட்டு என்று சொல்லிவிட்டேன். இதைத் தபாலில் போடுவதற்கு முன் அவள் படிப்பாள், அதனால் உனக்கும் சொல்ல மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, சிரித்த முகமாக, யாரிடமும் கெஞ்சாமலும் யாரையும் கெஞ்ச வைக்காமலும் வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். இருமல் இருக்கிறது என்றாயே, டாக்டரிடம் காட்டிவிட்டு எழுது. குளிக்கப் போகும்போது ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள், மறக்காதே.

இப்படிக்கு,
பதவி போனாலும் பாசம் போகாத
உன் அப்பா

இந்த மூலையில் அம்மா எழுதுவது. உறையை ஒட்டப் போவது நான்தான், உங்கப்பா இதைப் பார்க்க மாட்டார். திரைக்குப் பின்னாலிருந்து வந்தபோதே அவர் முழித்த முழியில் எனக்குத் தெரிந்துவிட்டது, வெள்ளைதான் போட்டிருக்கிறார். தன் ஓட்டால்தான் என் ஆட்சி கவிழ்ந்தது என்று குஷியாகத் திரிகிறார், திரியட்டும். உனக்கு மட்டும் சொல்கிறேன், நானும் வெள்ளைதான் போட்டேன். அந்தப் பெண் வாசலில் வந்து நின்றதிலிருந்து சாவி இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது. சும்மா கொடுத்திருக்கலாமே என்று கேட்பாய். நானாகக் கொடுத்தால் அது என் பெரிய மனசு, அடுத்து வருகிறவருக்கு அந்த மனசு இல்லாவிட்டால் என்ன செய்வது? தோற்றால் கொடுத்தே ஆக வேண்டும் என்று எல்லாரும் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் செய்தேன். அப்பாவிடம் மூச்சு விடாதே. அடுத்த வருஷம் மறுபடி நிற்கப் போகிறேன், அப்போது என் ஓட்டு எனக்குத்தான்.