மாப்பிள்ளையின் நைட்ராக்ஸ் கம்ப்யூட்டர்

மாப்பிள்ளை,

ஞாயிற்றுக்கிழமை பல்லடத்தில் உங்கள் வீட்டில் சாப்பிட்டு எழுந்ததும், கடலுக்குள் இறங்கும்போது மணிக்கட்டில் கட்டும் உங்கள் டைவ் கம்ப்யூட்டரை எனக்கு விலைக்குத் தரச் சொல்லி என் தங்கையிடம் கேட்டேன். கொச்சியில் யாரோ ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதாகப் போன வாரம் அவளே சொல்லியிருந்தாள். அது முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போவதை நினைக்கவே எனக்கு முடியவில்லை. அவள் பீரோவிலிருந்து நீலப் பையை எடுத்து வந்து என் முன்னால் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஜிப்பைத் திறந்ததும் ரப்பரும் உப்பும் கலந்த வாசனை வந்தது. தறி ஷெட்டில் உங்களுக்கு மாரடைப்பு வந்த நாளிலிருந்து உங்கள் செருப்பை, ஸ்கூட்டரை, கண்ணாடியை எல்லாம் பார்த்துத் தாங்கிக்கொண்டவன் நான். இந்த வாசனைக்கு மட்டும் தயாராக இருக்கவில்லை.

சிங்கப்பூரில் டைவிங் சாமான் விற்கும் அந்தக் கடைக்குள் நாம் நுழைந்தபோது நீங்கள் தறிக்கு உதிரிபாகம் தேடிக் களைத்திருந்தீர்கள். நான் என் பம்ப்செட் கடைக்குப் பேரிங் பேசி முடித்திருந்தேன். அதற்கு முந்தின வருஷம்தான் லட்சத்தீவில் இருவரும் டைவிங் கற்றிருந்தோம். கிணற்றில் குதித்து வளர்ந்த நமக்குத் தண்ணீர் புதிதல்ல. அதற்குள் மூச்சு விடுவதுதான் புதிது. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், எப்போது ஏற வேண்டும் என்று மணிக்கட்டில் இருந்தபடியே சொல்லும் கருவி சொந்தமாக வேண்டும் என்று இருவருக்கும் ஆசை.

எண் பெரிதாகத் தெரிகிறதா, பேட்டரியை நாமே மாற்றலாமா, கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டுமா என்றெல்லாம் நான் குடைந்தேன். கடையில் இருந்த தமிழ்ப் பெண் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, “அண்ணனுக்கு நைட்ராக்ஸ் வேணுமா, வேணாமா?” என்றாள். நைட்ராக்ஸ் என்றால் ஆக்சிஜன் கூட்டிய காற்று. உடம்பில் சேரும் நைட்ரஜன் குறைவு என்பதால் அதே ஆழத்தில் கூடுதல் நேரம் இருக்கலாம். ஆனால் ரொம்ப ஆழம் போனால் அந்த ஆக்சிஜனே ஆபத்து. நாம் போகிற தீவில் அதைச் சிலிண்டரில் நிரப்பித் தருகிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப சாதா மாடலே போதும்” என்று, விலை கூடியதை அவளாகவே ஓரம் தள்ளினாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

நீங்கள் அந்த ஓரம் தள்ளிய பெட்டியைத்தான் எடுத்தீர்கள்.

“சிங்கிள் பேஸ் லைனுக்கு த்ரீ பேஸ் மோட்டார் வாங்குற ஆளு நீங்கதானுங்க மாப்ளே” என்றேன்.

“லைன் மாறுறப்ப மோட்டாரை மாத்த வேண்டாம் பாருங்க, மச்சா. மாலத்தீவுல அந்தக் காத்தை அடிச்சுக் குடுக்கறாங்களாமா. போகாமயா இருந்துருவோம்?”

போகாமல்தான் இருந்துவிட்டோம். முதல் வருஷம் உங்களுக்கு ஏற்றுமதி ஆர்டர் வந்தது. அடுத்த வருஷம் எனக்குக் கடை மாற்றும் வேலை. வருகிற தையில் கட்டாயம் என்றீர்கள், கார்த்திகையிலேயே போய்விட்டீர்கள்.

கருவியின் பித்தானை அழுத்திப் பழைய பதிவுகளைப் புரட்டினேன். பேட்டரி இன்னும் சாகவில்லை. ஒவ்வொரு டைவிலும் ஆக்சிஜன் அளவு இருபத்தொன்று, அதாவது வெறும் காற்று. ஒன்றில் மட்டும் ஐம்பது என்று இருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

லட்சத்தீவில் அன்றைக்கு இரண்டாவது முறை இறங்கும் முன் படகுக்காரரோடு பேச்சு சுவாரசியத்தில் அளவைப் போட மறந்துவிட்டீர்கள். போடாவிட்டால் உங்கள் மாடல் தானாகவே ஐம்பது என்று எடுத்துக்கொள்ளும். பவளப் பாறைக்கு அடியில் ஒரு ஆமை, நம்மைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்துகொண்டிருந்தது. ஐம்பதுக்கு அந்த ஆழம் ஆபத்து என்று உங்கள் கையிலிருந்த கருவி கத்த ஆரம்பித்தது. என்னுடையது இன்னும் நேரம் இருக்கிறது என்றது. ஏறிவிடலாம் என்று நீங்கள் கட்டைவிரலை மேலே காட்டினீர்கள். நான் ஆமையைக் காட்டினேன். நீங்கள் மறுபடியும் கட்டைவிரலைக் காட்டினீர்கள். நிதானமாக ஏறினோம்.

“ஏனுங்க மாப்ளே, அந்த ஆமை உங்களை என்ன பண்ணுச்சுங்க?” என்று படகில் ஏறியதும் கேட்டேன்.

“மிசின் கத்துச்சுங்க. கேக்கறதுக்குத்தானுங்க அதை வாங்கினது.”

“வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன்.”

“சொன்னீங்க. உங்க மிசினு சும்மா இருந்தா நீங்க இருந்திருக்கலாமே, எதுக்குக் கூட வந்தீங்க?”

 நீங்கள் ஏறினால் நானும் ஏறுவேன், அவ்வளவுதான். இன்றும் கிணற்று மேட்டில் நின்றால்கூடக் கை தானாகப் பக்கத்தில் உங்களைத் தேடுகிறது, மாப்பிள்ளை.

தங்கை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“எதுக்குங்ண்ணா உங்களுக்கு? உங்ககிட்டத்தான் ஒண்ணு இருக்குதே.”

“மாலத்தீவு போலாம்னு இருக்கறேன் அம்மணி. அங்க சிலிண்டர்ல அடிக்கிற நைட்ராக்ஸ் காத்துக்கு என்னுது ஆகாது. மாப்ள ஆசைப்பட்ட எடம்.”

“தனியாவா?”

“கூட எறங்க அங்கயே ஆள் தருவாங்க.”

கருவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். “கொச்சிக்காரருக்கு இல்லைன்னு சொல்லிப்போடறேன். உங்ககிட்டயும் காசு வேண்டாம். ஆனா ரெண்டையும் கட்டிக்கிட்டுத்தான் எறங்கோணும். எது மொதல்ல மேல வரச் சொல்லுதோ அதைக் கேட்டு வந்துபோடோணும்.”

என் வியாபார புத்தி சும்மா இருக்குமா? “என்னுது வெறுங்காத்துக் கணக்குல ஓடும் கண்ணு. எப்பவும் அதுதான் மொதல்ல நேரமாச்சுன்னு சொல்லும். அப்பறம் மாப்ள அத்தனை கூடக் குடுத்து வாங்கினதுல ஒரு நிமிசங்கூட லாபமில்லை.”

“லாபம் வேண்டாங்ண்ணா. நீங்க ஊடு வந்து சேர்ந்தாப் போதும்.”

நான் அதற்கு மேல் பேரம் பேசவில்லை. முடிவானது இதுதான், மாப்பிள்ளை: விலை கிடையாது, என்னுடையது இடது கையில், உங்களுடையது வலது கையில், எது முதலில் கூப்பிட்டாலும் மறுபேச்சு இல்லாமல் ஏறிவிட வேண்டும்.