ரிவர்ஸ் விழாத வண்டி

போனை எடுக்க மாட்டேன்னு அடம்பிடிக்கிறவளுக்கு,

நீ உங்க அம்மா வீட்டுக்குப் போய் ஒன்பது நாளாச்சு. நம்ம பழைய பிக்கப்பும் அன்னையிலருந்து என் பேச்சக் கேக்கல. நிக்கும்போது காய்ச்சக்காரன் மாதிரி உதறுது. பள்ளிவாசல் இறக்கத்துல நாலு தடவ ஆஃப் ஆயிருச்சு. ரிவர்ஸ் விழவே மாட்டேங்குது.

மெக்கானிக் பாண்டித்துரை கார்பரேட்டரப் பாத்துட்டு, "இந்தக் காத்துக் குழாய இறுக்கிச் சுத்தியிருந்த முடி ரப்பர் எங்கண்ணே?"ன்னு கேக்கான். இஞ்சினுக்குள்ள பொம்பள சாமான் எதுக்குன்னு, நீ போன அன்னைக்கு நாந்தான் பிச்சு எறிஞ்சேன். எதுக்குப் போட்டேன்னு நீ சொல்லியிருக்கலாம்ல? சொன்னியாம்! அவன் சாட்சி சொல்லுதான். இப்ப அவன் கம்பி வச்சுக் கட்டியும் உதறல் நிக்கல.

செகண்ட் போட்டு எடுத்துட்டு ரிவர்ஸ் போட்டா விழும்னு நீ சொன்னதும் நெசந்தான். நேத்துப் போட்டுப் பாத்தேன். அதச் சொன்னதுக்குத்தான் ஜீப் ஸ்டாண்டுல அத்தன பேரு முன்னாடி "எறங்குடி கீழ"ன்னு கத்தினேன். அதுக்காக ஒன்பது நாளா?

ஞாயித்துக்கிழம காலைல வாரேன். உங்க வாசல்ல வண்டிய ஆஃப் பண்ண முடியாது, திரும்ப ஸ்டார்ட் ஆகாது. ஹாரன் அடிச்சதும் வா. முடி ரப்பர் ரெண்டு எடுத்துக்க. டிரைவர் சீட்ட விட்டுத் தள்ளி உக்காந்திருப்பேன்.

கோவம் இன்னும் குறையாத
உன் வீட்டுக்காரன்