நண்டு வண்டியும் நாற்பத்தோராம் பக்கமும்

அன்பு தாஸ்,

நான் வேதாசலம். காலடிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். நம் பந்தயச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஓர் அஞ்சலி கேட்டிருக்கிறார்கள். உன் புகழைப் பாட எனக்கு வராது; பாடினால் நீ சிரிப்பாய். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே. நம் வண்டியின் பதிவேட்டில், நாற்பத்தோராம் பக்கத்தில், நான் ஒரு பொய் எழுதினேன். அதை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். மலரைப் படிப்பவர்களும் அறியட்டும். என் ஒப்பம் இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில் வண்டி ஏறியவர்கள் அவர்களுள் பலர்.

உன்னை அறியாதவர்களுக்காகச் சில வரிகள், பொறுத்துக்கொள். நீ ராயபுரத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். நான் எண்ணூரில் ஓர் ஆலையில் தரப் பரிசோதகன். சங்கத்தின் பந்தயங்களில் வண்டிகளைச் சோதித்து அனுமதிப்பவனும் நானே. துறைமுகத்தில் யாரும் எடுக்க வராத சரக்கை ஏலம் விட்ட அன்று, ஒரே மரப்பெட்டிக்கு நாம் இருவரும் போட்டியாகக் கை தூக்கினோம். நீ என்னருகே வந்து, "ஆளுக்குப் பாதி போட்டுக்கலாமா மாமு? நாம சண்ட போட்டுக்கினு இருந்தா மூணாவது ஆளு தூக்கினு பூடுவான்" என்றாய். பெட்டிக்குள் இருந்தது நான்கு சக்கரப் பந்தய பைக். கால்களை அகற்றித் தரையோடு படிந்து நின்ற அதைப் பார்த்த சுமைக்காரர் ஒருவர், "இன்னாபா இது, நண்டாட்டம் கீது" என்றார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அன்றே நான் ஒரு விதி வகுத்தேன். இருவரும் பதிவேட்டில் ஒப்பமிடாமல் வண்டியில் ஒரு திருகாணிகூட மாறக்கூடாது. "யோவ் கேஜு, இது இன்னா ரேசன் கார்டா?" என்று கேட்டாய். இடைவெளி அளக்கும் கேஜ் எப்போதும் என் சட்டைப்பையில் இருந்ததால் நீ எனக்கு வைத்த பெயர் அது. இருந்தும் நாற்பது பக்கங்களில் என் கையெழுத்துக்கு அருகே கிரீஸ் படிந்த உன் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. நன்றாகக் கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நீ. என்னைச் சீண்டுவதற்கென்றே ரேகை வைத்தாய், இல்லையா?

கடைசி இரண்டு ஆண்டுகள் நாம் ஒரே சண்டையைத்தான் ஞாயிறுதோறும் போட்டோம். பழையதற்குச் செலவிடுவதை நிறுத்திவிட்டு, எரிபொருளைத் தானே அளந்து செலுத்தும் புது வகை வண்டி ஒன்றை வாங்கலாம் என்பது என் கட்சி. காற்றையும் வெப்பத்தையும் கணக்கிட்டுத் துளி பிசகாமல் பெட்ரோல் தரும் ஓர் இயந்திரத்தை நான் எப்படி மறுப்பேன்? பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையும் அதில் கிடையாது. நீயோ கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டே சொல்வாய்: "அதுக்குள்ள ஒரு பொட்டி கீது. அது சொன்னாத்தான் பெட்ரோல் வருமாம். நம்ம வண்டிக்கு நாம சொன்னா பத்தாதா? எண்ணூர் உப்புக் காத்துல அந்தப் பொட்டி ஒரு மழக்காலம் தாங்குமா மாமு?" எந்தச் சண்டையும் முடிந்ததில்லை. மீன்குழம்புச் சோற்றோடு அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. திருவொற்றியூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை இப்போது இன்னும் நீளம். உன் பட்டறையில் உன் மனைவி தெரசா ஒரு பக்கத்தை மட்டும் வாடகைக்கு விட்டிருக்கிறாள். மறுபக்கத்தில் நண்டு நிற்கிறது. உன் மகள் ரெஜினா கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இவ்வாண்டுப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்று வந்தாள். வந்தவள் உன்னைப் போல் பேசவில்லை. என்னைப் போல் பேசினாள். அப்பா இல்லாமல் இந்த வண்டியை யார் ட்யூன் செய்வது, புதியதே வாங்கிவிடலாம் என்றாள்.

நான் மறுத்தேன். உப்புக் காற்று என்றேன். பெட்டி தாங்காது என்றேன். பழையதற்கே புது ஷாக் அப்சார்பரும் கிளட்ச் தட்டுகளும் போட்டால் போதும் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா மாமா, புதுசு வாங்கு புதுசு வாங்குன்னு அப்பாவப் பேஜார் பண்ணது நீங்கதானே? இப்ப அவுரு மாதிரியே பேசறீங்க?"

உப்புக் காற்று என்றே மறுபடியும் சொன்னேன். உண்மை வேறு. புது வண்டி வந்துவிட்டால் அதைச் சுற்றி நின்று சண்டையிட இரண்டு பேர் தேவையில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை நான் ராயபுரத்துக்கு வர என்ன காரணம் இருக்கிறது, தாஸ்?

கடைசியில் அவள் இணங்கினாள்; சிலிண்டரைக் கழற்றி அளந்தேன். தேய்மானம் எல்லையைத் தாண்டியிருந்தது. இனிமேல் குடைந்து பெரிதாக்கவும் இடமில்லை. கடைசி அளவுவரை நாம் முன்பே குடைந்துவிட்டோம். விதிப்படி அந்த எஞ்சின் அங்கேயே முடிந்தது. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் கடைசி இலக்கம் ஒன்பது. பதிவேட்டில், எல்லைக்குள் அடங்கும்படி, நான்கு என்று எழுதினேன். முப்பது ஆண்டுகளாக அளந்து பிழைப்பவன் நான். அதற்கு முன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

ரெஜினா இரண்டாவது ஒப்பத்துக்குப் பேனாவை எடுத்தாள். பக்கத்தைப் படித்தால் கேள்வி கேட்பாள் என்று அஞ்சினேன். "அது அப்பா இடம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றேன். அவள் கண் கலங்கிப் பேனாவை மூடினாள். உன் பெயரைச் சொல்லி உன் மகளை ஏமாற்றினேன். பொய்யைவிட இதுதான் என்னை அதிகம் அரிக்கிறது.

மூன்று வாரங்களுக்கு முன், உப்பளத்தை ஒட்டிய பொட்டலில் பயிற்சி. நேர்பாதையின் முடிவில், முழு வேகத்தில், தளர்ந்த பிஸ்டன் உடைந்து எஞ்சின் இறுகிப்போனது. எஞ்சின் இறுகினால் பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொள்ளும்; வண்டி ஆளைத் தூக்கி எறியும். எறியவில்லை. தள்ளாடி, மணலில் ஐம்பதடி இழுத்துச் சென்று, சாய்ந்து நின்றது. மணிக்கட்டில் சுளுக்கு, முழங்கையில் சிராய்ப்பு. ஓடிப்போய்ப் பார்த்தபோது, அவளது இடக்கையின் இரண்டு விரல்கள், சக்கரங்களை எஞ்சினிலிருந்து விடுவிக்கும் கிளட்ச் பிடியை இன்னும் அழுத்திப் பிடித்திருந்தன.

அந்த இரண்டு விரல்கள் நீ பழக்கியவை. "எஞ்சின நம்பாத, எப்பவும் ரெண்டு விரலு கிளட்ச்சு மேல கெடக்கணும்" என்று நீ அவளை ஓயாமல் நச்சரித்தபோது, தேவையற்ற உராய்வு என்று கையேட்டைக் காட்டி மறுத்தவன் நான். என் கையெழுத்து அவளைக் கவிழ்த்தது. உன் நச்சரிப்பு அவளைக் காத்தது.

மணலில் உட்கார்ந்தபடியே அவள் சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. "நான்தான் மாமா ஆயில் கம்மியா ஊத்திட்டேன். அப்பா மாதிரி கண்ணால பாத்துக் கலக்கலாம்னு நெனச்சேன். அப்பா வண்டிய நானே கொன்னுட்டேன்."

நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டிய கணம் அதுதான்.

அன்றிலிருந்து அவள் பட்டறைப் பக்கம் வருவதில்லை. நண்டையும் விற்றுவிடுங்கள், புது வண்டியும் வேண்டாம், எனக்கு ராசியில்லை என்று தெரசாவிடம் சொல்லியிருக்கிறாள். அவள் கலவையில் குறையில்லை, தாஸ். டாங்கில் மிஞ்சிய கலவையை அளந்து பார்த்தேன். நீ கலக்கும் அதே விகிதம். அதை அவளிடம் சொல்லும் தகுதி உள்ளவன் நான் ஒருவன்தான்; நானோ ஆலையில் ஒரே உருளையை நான்கு முறை அளந்துகொண்டும், வீட்டில் பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டும் திரிகிறேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? திட்டியிருப்பாயா? அல்லது சிரித்து, அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பாயா?

இம்மலர் அச்சேறி, பிறர் வழியாக அவள் அறிவது முறையன்று. ஆகவே நாளைக் காலை ஆறு மணிக்குப் பதிவேட்டோடு ராயபுரம் புறப்படுகிறேன். நான்கின் மேல் ஒற்றைக் கோடு கிழித்து, பக்கத்தில் ஒன்பது என்று எழுதி, அவள் பார்க்கக் கையெழுத்திடுவேன். எஞ்சின் ஓய்வு பெற்றது என்று அடுத்த வரியில் எழுதுவேன். புது வண்டி வாங்கலாம் என்ற என் பழைய கட்சியை அதன் கீழே எழுதி, நீ ரேகை வைக்கும் கட்டத்தை அவளுக்குக் கொடுப்பேன். அவள் ஒப்பமிடலாம், பதிவேட்டை என் மேல் எறியலாம். இவ்வாண்டு சோதனை மேசையில் நான் அமரப்போவதில்லை. அதைச் சங்கத்துக்கு இதன்மூலம் தெரிவிக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்கு. அவள் எந்த வண்டியில் ஏறினாலும், அவளுடைய இரண்டு விரல்களும் கிளட்ச் மேல் இருக்கின்றனவா என்று நான் பார்ப்பேன். கையேடு என்ன சொன்னாலும் சரி.

உன் பாதி வண்டிக்காரன்,
ரெஜினா நாளைக்கும் மாமா என்று அழைப்பாளா என்று தெரியாத
வேதாசலம்