ஒரு ஜெர்மானிய நண்பர்

டார்ம்ஸ்டாட், ஜெர்மனி
9-10-1966

அன்புள்ள அண்ணாவுக்கு வத்சலா நமஸ்காரம்.

உயிரோடு வந்து சேர்ந்தேன் என்று அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள். கப்பலில் பதினாறு நாள், ஜெனோவாவிலிருந்து ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும். பிராங்பேர்ட் ஸ்டேஷனில் இறங்கினால் என்னை அழைத்துப்போக ஆளில்லை. ஸ்காலர்ஷிப் ஆபீசில் தேதியைத் தப்பாக எழுதிக்கொண்டார்களாம். டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதுவிடலாமா என்று யோசித்தபோது, "ஏங்க, நீங்கதானே மெட்ராஸ்லேர்ந்து வர்றவங்க?" என்று ஒரு குரல். அசோகன் என்று பெயர். பேர்ணாம்பட்டுக்காரர். அவருடைய அப்பா தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்க்கிறாராம். இவர் இரண்டு வருஷமாக எங்கள் தோல் ரசாயனத் துறையிலேயே படிக்கிறார். தமிழ்ப் பெண் ஒருத்தி வருகிறாள் என்று கேள்விப்பட்டு, தானாகவே காலையிலிருந்து எல்லா ரயிலையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பெட்டியை நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். "கையை எடுங்க, அது உங்க வெயிட்டைவிட ஜாஸ்தியா இருக்குது" என்று தோளில் வைத்துக்கொண்டார்.

அறை தேடிப் போன கதை வேறு. ஒரு வீட்டம்மா சங்கிலி போட்ட கதவிடுக்கில் எங்களைப் பார்த்தாள், அறை போய்விட்டது என்றாள். அசோகன் தெருமுனை டெலிபோனிலிருந்து பெயர் சொல்லாமல் சுத்தமான ஜெர்மனில் கேட்டார். காலியாகத்தான் இருக்கிறது, ஐந்து மணிக்கு வாருங்கள் என்றாளாம் அதே அம்மாள். எனக்கு வந்த கோபத்தில் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. நாலாவது வீட்டில் இடம் கிடைத்தது.

இங்கே பதனிடாத பச்சைத் தோலை நாங்களே கையால் புரட்டவேண்டும். எத்தனை சோப்புப் போட்டாலும் வாடை போகவில்லை. ஆனால் பாடம் பிடித்திருக்கிறது.

தங்கள் அன்புள்ள,
வத்சலா

கும்பகோணம்
2-11-1966

சிரஞ்சீவி வத்சலாவுக்கு பாஸ்கரன் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை நான்கு வீட்டார் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். காலேஜில் பிரின்ஸிபால் கூட விசாரித்தார். உன் எழுத்தில் ஓர் ஓட்டம் இருக்கிறது. நான் பன்னிரண்டு வருஷமாகச் சரித்திரம் போதிக்கிறேன், எனக்கு அப்படி வராது.

ஒன்றே ஒன்று. பச்சைத் தோல், வாடை என்றெல்லாம் எழுதாதே. அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். ரசாயனம் படிக்கிறாய், அவ்வளவு போதும். பனி, கோட்டை, நதி இவற்றைப் பற்றி நிறைய எழுது. உன் தங்கை சாந்தாவுக்கு ஜாதகம் எடுத்திருக்கிறோம் என்பதும் உன் நினைவில் இருக்கட்டும்.

அந்த அசோகன் உதவினது சரி. அடிக்கடி சந்திக்க வேண்டி வருமா?

உன் அண்ணா,
பாஸ்கரன்

ராய்ட்லிங்கன்
20-3-1967

அண்ணாவுக்கு,

நமஸ்காரம் பிறகு. முதலில் விஷயம்.

தொழிற்பயிற்சிக்காக எங்களில் ஆறு பேரை இந்த ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அசோகனும் வந்திருக்கிறார். அவருடைய தங்கை சந்திரா பேர்ணாம்பட்டில் பள்ளிக்கூட டீச்சர். போன வாரம் அவள் ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து ஐந்து பக்கங்களைக் கத்தரித்து அனுப்பியிருந்தாள். 'உங்க ஊர்ல ஒரு தமிழ்ப் பொண்ணு இருக்காமே அண்ணா, உனக்குத் தெரியுமா?' என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். தலைப்பு, 'தங்கை கண்ட ஐரோப்பா'. தொகுத்து வழங்குபவர் பேராசிரியர் பாஸ்கரன்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை நீங்கள். அதைக்கூட விட்டுவிடுகிறேன். உண்மையைச் சொன்னால், முதல் பத்தி படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் அசோகன்தான் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ரைன் நதியில் நிலா விழுந்த அழகை நான் வர்ணித்திருந்தேனாம். அண்ணா, நான் ரைன் நதியை ராத்திரியில் பார்த்ததே இல்லை. ஜெர்மானியர் வாசலில் நின்று 'வருக' என்று கைகூப்பி அறை கொடுத்தார்களாம். அசோகன் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் இந்த வரி வந்தது: "பிராங்பேர்ட் ஸ்டேஷனில் ஒரு ஜெர்மானிய நண்பர் என் பெட்டியைத் தம் தோளில் சுமந்து வந்தார்."

அவர் படிப்பதை நிறுத்தினார். இன்னொரு தரம் மனசுக்குள் படித்தார். பிறகு காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்து, "அந்த ஜெர்மன்காரர் நல்லவர் போலிருக்குது. யாருங்க அது?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாளிலிருந்து என்னை மேடம் என்று கூப்பிடுகிறார்.

கதவைச் சாத்திய வீட்டம்மாளுக்கு நான் யாரென்று தெரியாது. உங்களுக்கு அசோகன் யாரென்று தெரியும். நான்தானே எழுதினேன், பெயரோடும் ஊரோடும்? எந்தக் கையால் அந்தப் பெயரை அடித்தீர்கள்?

அடுத்த இதழிலேயே திருத்தம் வரவேண்டும்.

வத்சலா

கும்பகோணம்
11-4-1967

வத்சலாவுக்கு ஆசீர்வாதம்.

கோர்ட்டில் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறாய். இரண்டு மாமாக்களோடும் சண்டை போட்டு உன்னைக் கப்பல் ஏற்றியவன் நான். அப்பா இருந்திருந்தால் அனுப்பியிருப்பாரா என்று யோசித்துப் பார்.

நீ குறிப்பிட்ட வரியை நான் மாற்றவில்லை. பத்திரிகை ஆபீசில் அப்படித்தான் செய்வார்கள். ஆசிரியர் சிதம்பரம் தம் இஷ்டத்துக்கு வெட்டுவார், ஒட்டுவார், எழுதுகிறவனுக்கு அதில் அதிகாரம் இல்லை. திருத்தம் கேட்டால் தொடரையே நிறுத்திவிடுவார்.

மேலும், சாந்தாவுக்குத் திருச்சியிலிருந்து நல்ல இடம் வந்திருக்கிறது. பையனின் தகப்பனார் உன் தொடரைப் படித்துவிட்டுத்தான் ஜாதகம் கேட்டனுப்பினார். இந்தச் சமயத்தில், என் தங்கை தோல் பதனிடப் படிக்கிறாள், இன்னாரோடு சுற்றுகிறாள் என்று ஊர் முழுக்கத் தமுக்கு அடிக்கச் சொல்கிறாயா? ஒரு வார்த்தைதானே மாறியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அதனால் என்ன குறைந்துவிட்டது?

நீ வழக்கம்போல எழுது.

பாஸ்கரன்

ராய்ட்லிங்கன்
24-4-1967

அண்ணாவுக்கு,

என்ன குறைந்துவிட்டது என்று கேட்கிறீர்கள். அசோகனுடைய அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மகன் படிக்கிற ஊரைப் பற்றிப் பத்திரிகையில் வந்திருக்கிறது என்று சந்திரா அதைப் படித்துக் காட்டியிருக்கிறாள். அந்த அம்மாள் கேட்டாளாம்: "நம்ம புள்ள அங்கதானே இருந்தான்? அவன் ஏன் போய்த் தூக்கலை?"

இதைச் சொன்னது அசோகன் இல்லை. நானே சந்திராவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவள் பதிலில் தெரிந்தது.

நீங்கள் சொன்னபடி தப்பு ஆசிரியருடையது என்றால் அவரையே கேட்டுவிடுகிறேன். இன்றைய தபாலில் திரு. சிதம்பரத்துக்கும் ஒரு கடிதம் போகிறது.

வத்சலா

கும்பகோணம்
9-5-1967

வத்சலா,

சிதம்பரத்துக்கு எழுதியதை உடனே வாபஸ் வாங்கு. என் மானம் போகிற காரியம். கல்யாணம் ஆனியில் முடிந்துவிடும். அதுவரை பொறுத்துக்கொள்ளக் கூடாதா? அதற்குப் பிறகு உன் இஷ்டம். சாந்தாவும் உன்மேல் வருத்தமாக இருக்கிறாள்.

பாஸ்கரன்

லியோன், பிரான்ஸ்
18-7-1967

அண்ணாவுக்கு,

சாயப் பயிற்சிக்காக மூன்று மாதம் இந்த ஊரில் இருக்கிறேன். உங்கள் மே மாதக் கடிதத்துக்கு நான் வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். நல்லபடியாக நடந்தது என்று சாந்தா எழுதியிருக்கிறாள். அவள் என்மேல் வருத்தமாக இல்லை. பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளை பாலச்சந்திரனிடம், அக்கா படிப்பது தோல் சம்பந்தப்பட்டது என்று அவளே சொல்லிவிட்டாளாம். 'என் பெயரைச் சொல்லி இதையெல்லாம் செய்யும்படி நான் யாரையும் கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறாள்.

திரு. சிதம்பரமும் பதில் போட்டார். தங்கள் ஆபீசில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை என்று சொல்லி, நீங்கள் அனுப்பிய கைப்பிரதியையே கவரில் வைத்திருந்தார்.

உங்கள் கையெழுத்து. முதலில் 'அசோகன்' என்று நான் எழுதியபடியே எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்து 'ஒரு தமிழ் அன்பர்' என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அதையும் அடித்து 'ஓர் இந்திய மாணவர்'. கடைசியில்தான் ஜெர்மானிய நண்பர். அந்த இடத்தில் மட்டும் பேனா அழுத்தி அழுத்திக் காகிதம் கிழிந்திருக்கிறது.

யோசிக்காமல் செய்தீர்கள் என்றால் நான் மன்னித்திருப்பேன். மூன்று தரம் யோசித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு தரமும் உங்களுக்கு உறுத்தியிருக்கிறது, ஒவ்வொரு தரமும் அவரை இன்னும் தூரமாகத் தள்ளியிருக்கிறீர்கள். பிறகு பழியைக் கூசாமல் அந்த ஆசிரியர்மேல் போட்டீர்கள். எனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த கை அது, அண்ணா. ஆனாலும் இதை எழுதத்தான் போகிறேன்.

இனி என்னையே எழுதச் சொல்கிறார் ஆசிரியர், என் பெயரில். சம்மதித்துவிட்டேன். ஸ்டேஷன், கதவுச் சங்கிலி, சுண்ணாம்புத் தொட்டி எல்லாம் வரும். பெயரைப் போடலாமா என்று அசோகனிடம் டெலிபோனில் கேட்டேன். அவருக்கு இப்போது ஒபன்பாக்கில் வேலை கிடைத்திருக்கிறது. "உங்க அண்ணனுக்குக் கஷ்டமா இருக்காதா, மேடம்?" என்றார். இருக்கும் என்றேன். "அப்படின்னா இனிஷியலோட போடுங்க. எங்க ஊர்ல அசோகன் நாலு பேரு இருக்கான்" என்றார்.

இனிஷியலோடு போட்டு அனுப்பிவிட்டேன்.

அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன். ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வரும் சாந்தா படித்துக் காட்டுவாள். உங்களுக்கு இதுதான் கடைசி. என்னைப் பற்றி ஏதாவது தெரியவேண்டுமானால், ஊரில் மற்றவர்களைப்போல நீங்களும் பத்திரிகையை வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

வத்சலா