ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நீங்கள் அழைத்தீர்கள்

மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போன என் ராமையா அண்ணனுக்கு,

உங்கள் குரல் மறுபடி மலையில் திரிகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கரப்பத்தனையில் இப்போது பகலிலும் பனி விலகுவதில்லை. பத்திரிகைக்கு ஒரு செய்தி எடுக்கப் போனவள், அண்ணி வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தேன். "அன்பான தோட்டத்து சனங்களே, வேல முடிஞ்சி வந்திருப்பீங்க, கால நீட்டி ஒக்காந்துக்கிட்டே கேளுங்க" என்று கேட்டது. கனவு என்றே நினைத்தேன். கனவிலும் நீங்கள் மைக்கோடுதானே வருவீர்கள். கண்ணைத் திறந்த பிறகும் குரல் நிற்கவில்லை. மேல் லயத்து வீட்டு வரிசைப் பக்கம் ஏறி, வளைவில் தேய்ந்து, கீழே ஆற்றுப் பக்கம் மறுபடி எழுந்தது.

அண்ணி வாசலில் நின்றிருந்தார். பனியில் எதுவும் தெரியவில்லை. தெரியாத ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆட்டோதான் சரசு. நம்ம செல்வம் ஓட்டுறான். ஒங்க அண்ணன் பேசி வச்சிட்டுப் போனத போட்டுக்கிட்டுப் போறாங்க."

"எந்தப் பக்கத்து ஆட்டோ அண்ணி?"

"ரெண்டு பக்கமுந்தான் போடுறாங்க. காலையில அவங்க, சாயங்காலம் இவங்க. எனக்கென்ன, ரெண்டு நேரமும் கேக்குது."

நீங்கள் டிக்கோயா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது நம் கட்சி இரண்டாகிவிட்டது, அண்ணே. யாரும் உங்களிடம் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்கள் தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஒன்றாக வந்தார்கள், கட்டிலைச் சுற்றி ஒன்றாக நின்று சிரித்தார்கள், படியிறங்கியதும் தனித்தனி பஸ்ஸில் போனார்கள். இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது. அல்லது அப்போதே உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

ஒரு பக்கம் தோழர் மாரிமுத்து. அவரை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லா வேலைநிறுத்தத்திலும் முன்னால் நின்றவர், ஒரு தேர்தலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தோற்றவர். நம் கொடி, நம் சின்னம், யாரோடும் கூட்டு இல்லை என்பது அவர் பேச்சு. மறுபக்கம் கலைவாணி டீச்சர். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அவருடைய போனுக்குத்தான் செய்தி அனுப்புகிறார்கள். பிரதேச சபைத் தேர்தலில் கொழும்புப் பெரிய கட்சி ஒன்றின் சின்னத்தில் நின்றால்தான் இந்த வட்டாரத்தில் வெல்லலாம் என்கிறார் அவர். தலைவர் பதவி இருவரில் யாருக்கு என்பதில் தொடங்கிய பேச்சு, இருவரும் தனித்தனியாக வேட்புமனு போடுவது என்பதில் வந்து நின்றிருந்தது. அப்படிப் போட்டால் இந்த வட்டாரம் இருவருக்கும் இல்லை. நீங்கள் தொண்டை கிழியக் கத்தி ஒரே ஒரு தடவை வாங்கிக் கொடுத்த இடம் மறுபடி கிடைக்காது. மாலை நேரம் கடைவீதியில் நிற்கும் யாரும் இதை உங்களுக்குச் சொல்வார்கள்.

பிரிந்தபோது சொத்தையும் பிரித்தார்கள். ஆம்பிளிபயர் டீச்சர் பக்கம், ஹோர்ன் ஸ்பீக்கர் தோழர் பக்கம். ஒன்றில்லாமல் ஒன்று பேசாது. ஆகவே இரண்டு பேரும் இல்லாத பாதியை நுவரெலியாவில் வாடகைக்கு எடுத்தார்கள். உங்கள் குரலை மட்டும்தான் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. அது ஒரு சின்ன பென் டிரைவில் இருந்தது. இரண்டு பக்கமும் பிரதி எடுத்துக்கொண்டார்கள். அதில் நீங்கள் யார் பெயரையும் சொல்லவில்லை. கட்சியைச் சொன்னீர்கள், கொடியைச் சொன்னீர்கள், ரோட்டைச் சொன்னீர்கள், வீட்டுக் காணியைச் சொன்னீர்கள்.

அந்த வாரம் ஒரு நாள் கோயில் வளைவில் இரண்டு ஆட்டோவும் எதிரெதிரே வந்துவிட்டன. பஸ்ஸுக்காக நான் அங்கே நின்றிருந்தேன். வண்டி எதுவும் தெரியவில்லை, இரண்டு மங்கலான விளக்குகள்தான். ஒரு பக்கத்திலிருந்து நீங்கள் "சனங்களே" என்றீர்கள். கொஞ்சம் பிந்தி மறுபக்கத்திலிருந்தும் "சனங்களே" என்றீர்கள். நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்வது போல இருந்தது. தேயிலைக் கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி சொன்னாள்: "உசுரோட இருக்கறப்ப ஒரு ராமையாண்ணனுக்கே காது வலிக்கும். இப்ப ரெண்டு." எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கி, இரண்டு வண்டியும் விலகிப் போகும்வரை சும்மா நின்றார்கள்.

அந்தப் பதிவின் கடைசியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? "வாற ஞாயித்துக்கெழம பகல் ரெண்டு மணிக்கு பெரட்டுக்களத்துல கூட்டம். மழ பேஞ்சாலும் வாங்க. கொட இருந்தா பக்கத்து ஆளையும் சேத்துக்குங்க." போன தேர்தலுக்குச் சொன்னது. யாரும் அதை வெட்டவில்லை. பிறகு செல்வத்தைக் கேட்டேன். "கூட்டம்னு அண்ணன் சொல்றாரே, டீச்சர் ஏற்பாடு பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றான். மற்ற ஆட்டோக்காரரும் தோழரைப் பற்றி அதையே நினைத்திருக்கிறார். தலைவர்கள் இருவரும் ஹட்டனில் ஆளுக்கொரு கூட்டத்தில் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சனம் வந்துவிட்டது.

காலையில் பேர் சொல்லி வேலைக்குப் பிரித்துவிடும் அதே பெரட்டுக்களம். மேடை இல்லை, கொடி இல்லை, கூப்பிட்டவர் யாரும் இல்லை. பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். மேல் டிவிசனிலிருந்து வந்தார்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். மழை இல்லை, ஆனாலும் குடை கொண்டு வந்திருந்தார்கள், ஒரு குடைக்குள் இரண்டு பேராக. எத்தனை பேர் என்று வழக்கம்போல் எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். முன்வரிசைக்குப் பின்னால் வெறும் இருமல் சத்தம்தான் கேட்டது.

செல்வம் பயந்துபோய் போன் பண்ணினான். தோழரும் டீச்சரும் தனித்தனியாக, ஏறக்குறைய ஒரே நேரத்தில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் அது அடுத்தவர் கூட்டிய கூட்டம் என்று சந்தேகம்.

"என்ன டீச்சர், சொல்லாம கொள்ளாம எங்க தோட்டத்துல கூட்டம்?" என்றார் தோழர்.

"நான் கூட்டல தோழர். நீங்க கூட்டிட்டு என்னக் கேக்குறீங்க?"

"ராமையா கூட்டுனாருங்க" என்று பனிக்குள்ளிருந்து யாரோ சொன்னார்கள்.

பிறகு பேசத்தான் வேண்டியிருந்தது. மைக் வேண்டாம் என்றார்கள். நிருபராக நான் எத்தனையோ விவாதங்களைக் கேட்டிருக்கிறேன். முகம் தெரியாமல் நடந்த விவாதம் இது ஒன்றுதான். "சின்னத்தையும் விட்டுட்டா நம்மகிட்ட என்னம்மா மிச்சம்?" என்று தோழர் கேட்டார். "சபைக்குள்ள ஒரு நாற்காலி இல்லாம எத்தன காலம் வெளியில நின்னு கத்துறது தோழர்?" என்றார் டீச்சர். "கொள்கைய வச்சி கறி ஆக்க முடியாது" என்றது ஒரு குரல். "நாற்காலிய வச்சி அடுப்பெரிக்கலாம், அதச் சொல்றியா?" என்றது இன்னொன்று. டீச்சர் வென்றால் அந்தப் பெரிய கட்சி அவரைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்றார்கள். தோழர் நின்றால் தன் வீட்டு வோட்டும் விழாது என்றார்கள். இருவரும் மறுக்கவில்லை.

அப்போது லெச்சுமி அக்கா பேசினார். நம் பக்கத்து லயம், கொழுந்து எடுக்கிறவர், உங்களுக்கு எப்போதும் வெற்றிலை கொடுப்பாரே, அவர்தான்.

"ஜெயிச்சா எல்லாரும் மால போட்டுக்கிட்டு வருவீங்க. அது கெடக்கட்டும். தோத்துப்போனா மறுநாள் வருவீங்களா?"

அக்கா அதோடு விடவில்லை.

"ராமையாண்ணன் வருவாரு. தோத்த ஒவ்வொரு தடவையும் மறுநாள் அதே ஆட்டோவுல, அதே ரோட்டுல, தனியா மைக்கப் புடிச்சிக்கிட்டு, வோட்டுப் போட்டவங்களுக்கும் நன்றி, போடாதவங்களுக்கும் நன்றின்னு சொல்லிட்டுப் போவாரு. எனக்கு அவர் மேல கோவம் வந்து கதவச் சாத்தியிருக்கேன். ஆனா வருவாரு. நீங்க ரெண்டு பேரும் போன தடவ எங்க இருந்தீங்க?"

பிறகு தோழரின் குரல், மெதுவாக: "காய்ச்சல்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டேன். காய்ச்சல் இல்ல." டீச்சர் சொன்னார்: "நான் போன நிறுத்தி வச்சிட்டேன்."

அந்த இடத்தில்தான் ஏதோ இளகியது என்று நினைக்கிறேன், அண்ணே. தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. கைதட்டல் இல்லை. பாதிப்பேர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள். கிளம்பும்போது செல்வத்தின் ஆட்டோ கிளம்பவில்லை. நின்ற இடத்தில் உங்களைப் பேசவிட்டு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. டீச்சர் தோழரின் வண்டியில்தான் ஏற வேண்டியிருந்தது. பின் சீட்டில் இரண்டு பேர், நடுவே உங்கள் ஹோர்ன். வளைவில் விளக்கு மறையும்வரை அவர்கள் பேசிக்கொண்டு போனது கேட்டது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் நுவரெலியாவில் ஒரே வேட்புமனுதான் கொடுக்கப்பட்டது. டீச்சரின் பெயர், நம் சின்னம். தலைமைப் பேச்சைத் தேர்தலுக்குப் பிறகு வைத்துக்கொள்வதாக இருவரும் சொன்னார்கள். நான் அதை அப்படியே எழுதி அனுப்பினேன். இதனால் வெற்றி வரும் என்று எழுதவில்லை. வரும் என்று எனக்குத் தெரியாது. டீச்சர் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கோபித்துக்கொண்டு கொழும்புக்குத் திரும்பிவிட்டார்கள். தோழர் இன்னும் அவரை "நம்ம டீச்சர்" என்று சொல்லும்போது கொஞ்சம் தடுமாறுகிறார்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அண்ணியைக் கேட்டேன். "அந்தக் கூட்டம் போன தேர்தலுக்குச் சொன்னதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா அண்ணி? வீட்லதானே பேசுனாரு?"

"மொத நாளே தெரியும்" என்றார். "அவரு பேசிக்கிட்டு இருக்கறப்ப நாந்தான் பிளேன்டீ கொண்டாந்து வச்சேன். டம்ளர் வைக்கிற சத்தம் அதுல கேக்கும். ஞாயித்துக்கெழமன்னு சொல்றதுக்கு முன்னால."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு கூப்பிட்டா இன்னும் யாரு வர்றாங்கன்னு பாக்கணும் போல இருந்திச்சி."

அதற்குப் பிறகு நான் அந்தப் பதிவைப் பல முறை கேட்டுவிட்டேன். சத்தம் இருக்கிறது. நீங்கள் ஒரு கணம் நிறுத்துகிறீர்கள், மேசையில் டம்ளர் வைக்கப்படுகிறது, பிறகு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. மலையெல்லாம் அந்தச் சத்தமும் போயிருக்கிறது. எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

தோற்ற மறுநாளுக்கான பேச்சு மட்டும் அந்தப் பென் டிரைவில் இல்லை. நீங்கள் அதை ஒருபோதும் பதிந்து வைத்ததில்லை. நேரில் போய்த்தான் சொல்வீர்கள். அதற்கு டீச்சரும் தோழரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் தானே மைக்கைப் பிடிக்கப் போவதாக அண்ணி சொல்கிறார். மைக்கைத் தொட்டும் பார்க்காதவர். "நன்றிதானே, அது எனக்கும் சொல்லத் தெரியும்" என்கிறார்.

ஆகவே உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணே. முடிவு வந்த மறுநாள், எந்த முடிவானாலும், செல்வத்தின் ஆட்டோவில் அண்ணிக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். உங்கள் ரோட்டில், மேல் லயத்திலிருந்து ஆறுவரைக்கும் போவோம். கதவைச் சாத்தியவர்களின் வீட்டு முன்னாலும் நிற்போம். பிளேன்டீ நான் கொண்டு வருகிறேன். அன்றைய செய்தியை வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும்.

பனிக்குள் உங்கள் பின்னால் வரும்,
உங்கள் தங்கச்சி சரசு
ஹட்டனிலிருந்து